பாதியில் நிற்கும் வீடு: காண்ட்ராக்டரை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

சொந்த மனையில் வீடு கட்ட ஆரம்பித்து, நடுவில் காண்ட்ராக்டரோடு ஒத்துவராமல் போய், "இவரை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்து முடித்துவிடலாமா" என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் முறையாக வீடு கட்டுகிறவர், சட்டமும் தெரியாது, சைட் கணக்கும் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பில்டரிடம் ஃபிளாட் வாங்கியவர்களுக்குக் கதையே வேறு, அவர்களுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் இருக்கிறது. அரசு டெண்டர் வேலைகளுக்கும் தனி விதிகள். இங்கே பேசப்போவது உங்கள் மனை, உங்கள் பணம் அல்லது வங்கிக் கடன், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி ஒருவரிடம் ஒப்படைத்த வேலை, அவ்வளவுதான்.

அனுப்புவது சுலபம், ஒரு போன் போதும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிற கணக்கில். வேலை நின்ற அன்றைக்குக் கட்டடம் எந்த நிலையில் இருந்தது என்பது சரியாகப் பதிவாகியிருந்தால் மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான். பதிவாகவில்லை என்றால், புது கொத்தனார் வந்து நாலு வரிசை கல் வைத்ததுமே பழைய ஆள் எதுவரை செய்தார் என்பதற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும், அப்புறம் அவர் சொல்வது ஒரு தொகை, நீங்கள் சொல்வது ஒரு தொகை. அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில், தப்பு யார் பக்கம் என்று நேர்மையாகப் பாருங்கள்

இது அறிவுரை மாதிரி இருக்கும், ஆனால் பணக் கணக்கே இதில்தான் இருக்கிறது. காண்ட்ராக்டர் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 39-வது பிரிவின்படி நீங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், நஷ்டத்தையும் கேட்கலாம். ஆனால் நீங்கள் லிண்டல் ஸ்டேஜ் (கதவு, ஜன்னலுக்கு மேல் காங்கிரீட் போடும் கட்டம்) பணத்தை ரெண்டு மாதம் இழுத்தடித்து, அதனால் அவர் ஆளை வேறு சைட்டுக்கு அனுப்பியிருந்தால்? அதே சட்டத்தின் 54-வது பிரிவு குறுக்கே வந்து நிற்கும். நீங்கள் முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அவர் செய்ய வேண்டியதைக் கேட்க முடியாது, அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும் நீங்கள்தான் தர வேண்டிவரும்.

இதைவிட அதிகமாகப் பார்க்கிற விஷயம், வீட்டுக்காரர் நடுவில் கேட்ட மாற்றங்கள். பூஜையறையை இடம் மாற்றுவது, போர்ட்டிகோவை இழுத்துப் போடுவது, மாடிப்படியை வெளியே எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் வேலை நாளும் கூடும், பணமும் கூடும், ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கிற தேதி மட்டும் அப்படியே இருக்கும். பிறகு "நீ ஏழு மாதத்தில் முடிப்பதாகச் சொன்னாய்" என்றால் அவருக்குப் பதில் இருக்கிறது.

தாமதத்தைக் காரணமாகச் சொல்லப் போகிறீர்கள் என்றால் 55-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். காலக்கெடுதான் ஒப்பந்தத்தின் உயிர் என்று இருந்தால்தான் தேதி தவறியதும் ரத்து செய்யும் உரிமை வரும். கட்டட வேலைகளில் கோர்ட் அப்படிச் சுலபத்தில் எடுத்துக்கொள்வதில்லை. ஒப்பந்தத்திலேயே கால நீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் வழி வைத்திருந்தால், கெடு அவ்வளவு கறாரானது இல்லை என்றுதான் பொருள் என 1979-ல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கெடு தாண்டிய பிறகும் நீங்கள் சும்மா இருந்து, ஸ்டேஜ் பணமும் கொடுத்துக்கொண்டே வந்திருந்தால், பழைய கெடுவை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டதாகத்தான் எதிர்த்தரப்பு வாதாடும். இதற்கு வழி, புதுக் கெடு ஒன்றை எழுத்தில் கொடுப்பது. அதற்கு வருகிறேன்.

கையில் இருக்கும் காகிதங்களை எடுத்து வையுங்கள்

ஒப்பந்தம் இருந்தால் முழுதாகப் படியுங்கள். எந்தக் காரணங்களுக்கு முடித்துக்கொள்ளலாம், எத்தனை நாள் நோட்டீஸ், குறையைச் சரிசெய்ய எவ்வளவு அவகாசம், பிடித்தம் வைத்த தொகை எப்போது திருப்பித் தரவேண்டும், தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டுமா, இந்த ஐந்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் 15 நாள் என்று எழுதியிருக்க, நீங்கள் வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டால், தப்பு அவர் மேல் இருந்தாலும் முறை தவறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

ஒப்பந்தமே இல்லையா? நம் ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான் எழும்புகின்றன, குறிப்பாக மேஸ்திரியிடம் லேபர் காண்ட்ராக்டாக விட்ட வேலைகள். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் பாடு. அவர் கொடுத்த கொட்டேஷன், பாங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கடையில் சிமென்ட் இறக்கிய பில், எல்லாம் சான்று. மொபைலில் இருக்கிற செய்திகளை அழித்துவிடாதீர்கள், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றை கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ரொக்கமாகக் கொடுத்ததற்கு அவர் கையெழுத்து இல்லை என்றால், சண்டை முற்றுவதற்கு முன்பே "இதுவரை இத்தனை லட்சம் பெற்றிருக்கிறீர்கள், சரிதானே?" என்று ஒரு மெசேஜ் போட்டு "சரி சார்" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். பிறகு கிடைக்காது.

கெடு வைத்து ஒரு நோட்டீஸ்

சரி, பேசிப் பார்த்தாயிற்று, ஆள் வரவில்லை. இப்போது எழுத்தில் ஒரு நோட்டீஸ். வக்கீல் மூலமாகத்தான் என்று இல்லை, நீங்களே எழுதலாம். என்னென்ன வேலை நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது, இதுவரை கொடுத்த பணம் எவ்வளவு, என்ன குறை, எந்தத் தேதிக்குள் மறுபடி ஆரம்பித்து எப்போது முடிக்க வேண்டும், அப்படிச் செய்யாவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்து அதற்கான கூடுதல் செலவை உங்களிடமே வசூலிப்பேன். இதுதான் சாரம். திட்டு, சாபம், "உன்னை விடமாட்டேன்" எல்லாம் வேண்டாம், அந்தக் காகிதத்தை நாளைக்கு நீதிபதி படிப்பார்.

எத்தனை நாள் கெடு? 30 நாள் கொடுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. குறித்தவகை நிவாரணச் சட்டம், 1963-ல் 2018-ம் ஆண்டு ஒரு திருத்தம் வந்தது. அதன்படி புதிதாக மாற்றப்பட்ட 20-வது பிரிவு, ஒருவர் ஒப்பந்தப்படி வேலையைச் செய்யாவிட்டால் வேறு ஆளை வைத்து அதைச் செய்துகொண்டு அந்தச் செலவை மீறியவரிடம் வசூலிக்க வழி கொடுக்கிறது. ஆனால் அதற்கு முன் குறைந்தது 30 நாள் எழுத்துபூர்வ நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், வேலையை உண்மையிலேயே செய்து முடித்திருக்கவும் வேண்டும். வெறும் கொட்டேஷனைக் காட்டி "இவ்வளவு ஆகும்" என்று இந்தப் பிரிவில் கேட்க முடியாது. இந்த வழியில் போன பிறகு பழைய ஆளிடமே "நீதான் கட்டித் தரவேண்டும்" என்றும் கேட்க முடியாது, ஆனால் ஒப்பந்த மீறலுக்கான நஷ்ட ஈடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கும். வீடு கட்டுகிறவர்களுக்கு இவ்வளவு பொருத்தமான ஒரு பிரிவு இருந்தும், அவசரத்தில் மறுநாளே புது ஆளை இறக்கிவிட்டு அந்த உரிமையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் டெலிவரி ஒப்புகையோடு அனுப்புங்கள், அதன் போட்டோவை வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் போட்டுவிடுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் அந்தக் கவரைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

அளவெடுப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

நோட்டீஸிலேயே ஒரு தேதியும் நேரமும் குறித்து, "அன்று கூட்டாக அளவெடுப்போம், வாருங்கள்" என்று அழையுங்கள். அரசு வேலைகளில் அளவுப் புத்தகம் என்று ஒன்று வைத்து, எழுதி, கையெழுத்து வாங்கித்தான் பில் போடுவார்கள். வீட்டு வேலையில் யாரும் வைப்பதில்லை, சதுர அடி ரேட்டில் பேசுவதால் தேவைப்படுவதும் இல்லை. நடுவில் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும், ஏனென்றால் சதுர அடி ரேட் என்பது முடிந்த வீட்டுக்கான ரேட். 1,200 சதுர அடிக்கு ரூஃப் காங்கிரீட் போட்டாயிற்று என்பதற்காக பாதி வேலை முடிந்தது என்றோ முக்கால் முடிந்தது என்றோ சொல்ல முடியாது. பூச்சு, தரை, கதவு ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயின்ட் என்று செலவு பிடிக்கிற வேலைகள் எல்லாம் கூரைக்குப் பிறகுதான் வருகின்றன, வெளியிலிருந்து பார்த்தால் மட்டும் வீடு நிற்கிற மாதிரி தெரியும்.

அளவெடுக்க உங்களுக்கோ அவருக்கோ சொந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை வையுங்கள், முடிந்தால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர். அஸ்திவாரக் குழி எத்தனை, என்ன ஆழம் (மூடியாகிவிட்டதால் பழைய போட்டோவும் வரைபடமும் வேண்டும்), பில்லர், பீம், ஸ்லாப் கன அடியில், செங்கல் வேலை, எந்தெந்த அறையில் எந்தப் பக்கம் பூச்சு முடிந்தது, எத்தனை பாயின்ட்டுக்குப் பைப் புதைத்திருக்கிறது, நிலை வைத்தாயிற்றா, எல்லாம் வரிசையாக. கூடவே சைட்டில் கிடக்கிற சரக்கு: சிமென்ட் எத்தனை மூட்டை, கம்பி எந்த சைஸில் எவ்வளவு, எம் சாண்ட், ஜல்லி, செங்கல். சென்ட்ரிங் ஷீட், முட்டு (காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்பவை), மிக்ஸர் மெஷின் யாருடையது, வாடகைக்கு வந்ததா என்பதும்.

தேதி விழுகிற மாதிரி வீடியோ எடுங்கள், கேட்டிலிருந்து ஆரம்பித்து அறை அறையாக, நிறுத்தாமல், டேப் பிடித்த அளவு தெரிகிற மாதிரி. அளவு ஷீட்டில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு தரப்பும் கையெழுத்து. அவர் வரவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து எடுத்து, நகலை அவருக்கு அனுப்பி, "ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளில் சொல்லுங்கள்" என்று எழுதிவிடுங்கள். தகராறு பெரிதாகும் என்று தெரிந்தால், வழக்குப் போட்டு, புது வேலை ஆரம்பிப்பதற்கு முன் வக்கீல் கமிஷனர் ஒருவரை நியமித்து நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லி கோர்ட்டில் மனுப் போடலாம். அதற்கு நாள் பிடிக்கும், ஆனால் அந்த அறிக்கைக்கு இருக்கிற எடை வேறு எதற்கும் இல்லை.

தரத்தில் சந்தேகம் என்றால் அதையும் இப்போதே பாருங்கள். காங்கிரீட்டுக்கு ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக் சோதனை எல்லாம் உடைக்காமலேயே செய்யலாம், இன்ஜினியரிங் கல்லூரி ஆய்வகங்களும் தனியார் ஆய்வகங்களும் செய்து தருகின்றன. "சுவர் கோணல், காங்கிரீட் மோசம்" என்று வாயால் சொல்வதற்கும் ஒரு ஆய்வக அறிக்கையைக் காட்டுவதற்கும் வித்தியாசம் லட்சங்களில் இருக்கும்.

நிற்கிற கட்டடத்துக்கு என்ன ஆகும்

மனிதர்கள் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருக்கும்போது கட்டடம் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கும். இதை யாரும் யோசிப்பதில்லை.

அவசரமானது முட்டு. ஸ்லாப் போட்டு சில நாளில் சண்டை வந்து, சென்ட்ரிங்காரர் தன் வாடகை பாக்கிக்காக வந்து முட்டுகளை உருவிக்கொண்டு போய்விட்டால் ஆபத்து. காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-ன்படி சாதாரண சிமென்ட்டில் 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள் முட்டு நிற்க வேண்டும். இப்போது கடையில் கிடைக்கிற பிபிசி (சாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட்டுக்கு இன்னும் சில நாள் கூட்டி வைப்பது நல்லது. சென்ட்ரிங்காரரிடம் நீங்களே நேரடியாகப் பேசி, அந்த நாட்களுக்கான வாடகையைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதேபோல தண்ணீர். காண்ட்ராக்டர் போய்விட்டார் என்பதற்காக கியூரிங் நிற்கக் கூடாது, குறைந்தது 7 நாள், பிபிசி என்றால் 10 நாள். ஒரு ஆளைக் கூலிக்கு வைத்தாவது விடுங்கள்.

மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பி துருப்பிடிக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். மாதக்கணக்கில் நிற்கும் என்று தெரிந்தால் சிமென்ட் பால் அடித்து மூடி வையுங்கள், மறுபடி ஆரம்பிக்கும்போது கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாம். சிமென்ட் மூட்டை மூன்று மாதம் தாண்டினால் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது, அதற்குள் விற்றுவிடுவதே மேல். திறந்து கிடக்கும் பைப் முனைகளில் மண்ணும் ஜல்லியும் அடைத்துக்கொள்ளும், மூடி போடுங்கள். மூடாத சம்ப், கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, இவற்றில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்தால் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள். வேலி, பூட்டு, ஒரு வாட்ச்மேன்.

இப்போது கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி, ரேட் 2,400 ரூபாய், மொத்தம் 28,80,000. ஸ்டேஜ் ஸ்டேஜாக இதுவரை 60 சதவீதம், அதாவது 17,28,000 கொடுத்துவிட்டீர்கள். இன்ஜினியர் அளந்து பார்த்து முடிந்த வேலை 45 சதவீதம் என்கிறார், அதன் மதிப்பு 12,96,000. ஆக 4,32,000 அதிகமாகப் போயிருக்கிறது. மீதி வேலை பழைய ரேட்டில் 15,84,000 ஆகியிருக்க வேண்டும், புது ஆள் 19,00,000 வாங்கினார், 3,16,000 கூடுதல். மோசமான ஒரு சுவரை இடித்துக் கட்ட 1,00,000. கூட்டினால் 8,48,000. பழைய ஆள் விட்டுப்போன கம்பியையும் செங்கலையும் நீங்கள் பயன்படுத்திக்கொண்டீர்கள், மதிப்பு 60,000, அதைக் கழிக்க வேண்டும். மீதி 7,88,000. தப்பு அவர் பக்கம் என்று நிரூபணமானால் கேட்கக்கூடிய தொகை இந்த மாதிரி வரும். இதற்கு மேல் தாமதத்தால் கொடுத்த வீட்டு வாடகை போன்றவற்றையும் சேர்க்கலாம், ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு தொலைதூர நஷ்டத்தை எல்லாம் ஏற்காது. "வீடு முடியாததால் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தேன்" என்பது போன்ற கணக்குகள் பெரும்பாலும் நிற்காது. நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் பார்ப்பார்கள், அதனால் புது ஆளைத் தேடும்போது குறைந்தது மூன்று கொட்டேஷன் வாங்கி வையுங்கள்.

கணக்கு எதிர்ப்பக்கமும் திரும்பும். முடிந்த வேலை 70 சதவீதம், கொடுத்தது 60 என்றால், தப்பு அவர் மேல் இருந்தாலும் செய்த வேலையின் மதிப்பிலிருந்து உங்கள் நஷ்டத்தைக் கழித்துவிட்டு மீதியைத் தரத்தான் வேண்டும். ஓசியில் கட்டடம் கிடைக்காது, ஒப்பந்தம் சரியாக இல்லாவிட்டாலும் 70-வது பிரிவின் வழியாகச் செய்த வேலைக்குக் கூலி கேட்கலாம். தகுந்த காரணமே இல்லாமல், மச்சான் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்பதற்காக நீங்கள் கழற்றிவிட்டிருந்தால் இன்னும் மோசம், மீதி வேலையில் அவருக்கு வந்திருக்க வேண்டிய லாபத்தையும் அவர் கேட்கலாம். 1984-ல் பிரிஜ் பால் சிங் எதிர் குஜராத் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் மீதி வேலையின் மதிப்பில் 15 சதவீதத்தை அப்படிக் கொடுத்தது. எல்லா வழக்கிலும் அதே 15 கிடைக்கும் என்று இல்லை, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.

ஒப்பந்தத்தில் "நாளொன்றுக்கு 1,000 ரூபாய் அபராதம்", "வேலையை விட்டால் அட்வான்ஸ் பறிமுதல்" என்று எழுதியிருக்கிறதே என்றால், 74-வது பிரிவின்படி அது உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான அளவைத்தான் கோர்ட் கொடுக்கும். நஷ்டமே இல்லாத இடத்தில் பறிமுதல் செய்ய முடியாது என்று 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உங்கள் இருவரைத் தவிர இன்னும் சிலர் இருக்கிறார்கள்

வங்கியிடம் சொல்லாமல் காண்ட்ராக்டரை மாற்றாதீர்கள். கடன் ஸ்டேஜ் வாரியாகத்தான் வரும், வேலை நின்றால் அடுத்த தவணை நிற்கும், வாங்கிய தொகைக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். புது எஸ்டிமேட்டைக் கொடுத்து, அவர்கள் மதிப்பீட்டாளர் மறுபடி வந்து பார்த்த பிறகுதான் பணம் விடுவார்கள். கூடுதல் செலவுக்குக் கடன் கூட்டித் தருவார்களா என்பதை புது ஆளோடு கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். இன்னொன்று, பழைய வரி முறையில் இருப்பவர்கள் கவனிக்க: கடன் வாங்கிய நிதியாண்டு முடிவிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்காவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவு 2 லட்சத்திலிருந்து 30,000 ரூபாயாக இறங்கிவிடும். வழக்கு முடியட்டும் என்று வீட்டை அப்படியே போட்டு வைப்பவர்களுக்கு இது பெரிய அடி.

கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர்கள் கூலி பாக்கி என்று உங்கள் வாசலுக்கு வருவார்கள். அவர்களை வேலைக்கு வைத்தது காண்ட்ராக்டர், ஆனாலும் விரட்டாதீர்கள், அவர்களில் சிலரைத்தான் புது ஆளும் கூட்டிவரப் போகிறார். பாக்கித் தொகையை எழுதி வாங்கி, காண்ட்ராக்டருக்குத் தெரிவித்து, கொடுப்பதாக இருந்தால் அவர் கணக்கில் பற்று வைத்து, கையெழுத்தோடு கொடுங்கள். நிலை, கதவுக்கு ஆசாரியிடம் அவர் அட்வான்ஸ் கொடுத்திருப்பார், டைல்ஸ் கடையில் புக் செய்திருப்பார். அவர் மனது கசந்து முழுதாக முறிவதற்கு முன்பே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் அவருக்குக் கடனாகச் சரக்கு இறக்கியிருந்தால் அந்தக் கடன் அவருடையது, நீங்கள் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பிளான் அப்ரூவலில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியரே காண்ட்ராக்டராகவும் இருந்தால், அவர் விலகுவதை உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தெரிவித்துப் புது பதிவு பெற்ற இன்ஜினியரைச் சேர்க்க வேண்டும். அப்ரூவ்டு பிளான் ஒரிஜினல், ஸ்ட்ரக்சுரல் டிராயிங், கம்பி விவரம், க்யூப் டெஸ்ட் (காங்கிரீட் பலச் சோதனை) ரிப்போர்ட், ஈபி தற்காலிக இணைப்பின் காகிதம், போர்வெல் ஆழம், பூச்சி மருந்து அடித்த கம்பெனியின் வாரன்டி கார்டு, இவை எல்லாம் அவர் பையில்தான் இருக்கும். கடைசிப் பணத்தைக் கொடுக்கும் நாளில் இவற்றையும் ஒன்றாக வாங்குங்கள்.

சமரசமாகப் பிரிய முடிந்தால்

என் கருத்தைக் கேட்டால், பத்து லட்சத்துக்குக் கீழே உள்ள தகராறுகளில் பெரும்பாலும் இதுதான் லாபம். உங்கள் கணக்கில் 4 லட்சம் வரவேண்டும், அவர் 2 லட்சம் தருகிறேன் என்கிறார் என்றால், கோர்ட்டுக்கு ஆகும் வருடங்களையும் வக்கீல் ஃபீஸையும் நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் எழுத்தில் முடியுங்கள். எந்தத் தேதியோடு ஒப்பந்தம் முடிகிறது, அளவு ஷீட் இணைப்பாக, யார் யாருக்கு எவ்வளவு எந்தத் தேதியில், சரக்கும் சாமானும் யாருக்கு, கூலி பாக்கியும் கடை பாக்கியும் யார் பொறுப்பு, அவர் செய்த பகுதியில் பின்னால் விரிசலோ ஒழுகலோ வந்தால் பொறுப்பு தொடர்கிறதா இல்லையா. இந்தக் கடைசி விஷயத்தை எழுதாமல் "இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மட்டும் போட்டுவிட்டால், மழைக்காலத்தில் ரூஃப் ஒழுகும்போது அந்த வரியே உங்களுக்கு எதிராக நிற்கும்.

அவர் சாமான்களை எடுக்க வரும்போது தடுக்காதீர்கள். பட்டியலோடு கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மிக்ஸரைப் பூட்டி வைத்து, அது போலீஸ் ஸ்டேஷன் வரை போய், சிவில் கணக்கு நடுவில் தேவையில்லாத ஒரு புகாரைச் சம்பாதிப்பவர்கள் உண்டு.

புது ஆளோடு

வருகிறவர் முதல் நாளே பழைய வேலையைக் குறை சொல்வார், அது தொழில் வழக்கம், பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். ஆனால் "அவர் செய்ததற்கு நான் பொறுப்பில்லை" என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த அளவு ஷீட்டையும் வீடியோவையும் அவர் ஒப்பந்தத்தோடும் இணைத்து, இங்கிருந்துதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது என்று கையெழுத்து வாங்குங்கள். மீதி வேலையைச் சதுர அடி ரேட்டில் பேசாதீர்கள், வேலை வாரியாகப் பட்டியல் போட்டு ரேட் பேசுங்கள். பழைய காங்கிரீட்டோடு புதுசு சேரும் இடங்களை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். அட்வான்ஸைக் குறைவாக வைத்து, பணம் எப்போதும் வேலைக்கு ஒரு படி பின்னால் போகிற மாதிரி ஸ்டேஜ்களைப் பிரியுங்கள்.

கடைசி வழியாக, எங்கே போவது

வீடு கட்டித் தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி சேவைதான், எனவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்டம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டணம் சொற்பம், 5 லட்சம் வரை எதுவும் இல்லை, 20 முதல் 50 லட்சம் வரைக்கும் 1,000 ரூபாய்தான். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. அளவு, தரம், கள்ளக் கணக்கு என்று சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய சிக்கலான வழக்கு என்றால் சிவில் கோர்ட்தான் சரியான இடம். பேசி முடிக்க மூன்றாவது ஆள் தேவை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். மனை பெண் பெயரில் இருந்து அவரே மனுதாரர் என்றால் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவியும் உண்டு.

காலவரம்பு மறக்கக் கூடாது. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டு, சிவில் கோர்ட்டில் மூன்று ஆண்டு. அவரும் தன் பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் உங்கள் மேல் வழக்குப் போடலாம், அதனால் கிரகப்பிரவேசம் முடிந்துவிட்டது என்று அளவு ஷீட், ரசீது, நோட்டீஸ் நகல் இருக்கிற ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.